கைதுக்கு முன், கைதுக்குப் பின்: ஹாப்ட்மன் வழக்கின் சாட்சியங்களை எடைபோடுதல்

1934 செப்டம்பர் 15. நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வடபகுதியில் இருந்த ஒரு பெட்ரோல் பங்குக்கு டாட்ஜ் கார் ஒன்று வந்தது. ஓட்டிவந்தவர் 98 சென்ட்டுக்குப் பெட்ரோல் போடச் சொல்லிவிட்டுப் பத்து டாலர் நோட்டை நீட்டினார். அது தங்கச் சான்று நோட்டு. தங்கத்தையும் தங்கச் சான்று நோட்டுகளையும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் முந்தைய ஆண்டே உத்தரவு போட்டிருந்தார். வங்கி வாங்க மறுத்தால் நஷ்டம் தன் தலையில் விழுமே என்று பங்க் ஊழியர் வால்டர் லைல் நினைத்தார். காரின் எண்ணை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தார்: 4யு-13-41.

மூன்று நாள் கழித்து ஒரு வங்கிக் குமாஸ்தா அந்த நோட்டின் வரிசை எண்ணைத் தன் மேஜையில் இருந்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பட்டியலில் அது இருந்தது. 19ஆம் தேதி புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன் கைதானார். 34 வயது, தச்சர், ஜெர்மனியின் காமென்ஸ் ஊரில் பிறந்தவர். கப்பலில் ஒளிந்து 1923இல் அமெரிக்கா வந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாடகைக்குக் குடியிருந்தார். பதினெட்டு மாதங்களும் சில நாட்களும் கழித்து, 1936 ஏப்ரல் 3 அன்று, டிரென்டன் சிறையில் மின்சார நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார்.

விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் இருபது மாதக் குழந்தையைக் கடத்திக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர்தான் செய்தாரா என்று தொண்ணூறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1976இல் அந்தோணி ஸ்கடூட்டோவும் 1985இல் லுடோவிக் கென்னடியும் ஹாப்ட்மன் நிரபராதி என்று வாதிட்டுப் புத்தகங்கள் வெளியிட்டார்கள். முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரியான ஜிம் ஃபிஷர் 1987இல் அவர் குற்றவாளிதான் என்று பதில் நூல் எழுதினார். இந்தச் சண்டையில் இரு கட்சியினரும் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மறுதரப்பின் நொண்டிச் சாட்சியைத் தேடிப் பிடித்து அடிக்கிறார்கள். நல்ல சாட்சி மறுதரப்பின் பக்கம் வரும்போது பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சாட்சியத்தையும் பார்த்து ஒரு கேள்வி: இது 1934 செப்டம்பர் 19க்கு முன்பே உறைந்துவிட்டதா, அல்லது அதற்குப் பிறகு உருவானதா? அந்தத் தேதிக்கு முந்தைய நாள்வரை போலீஸ்காரர் எவருக்கும் ஹாப்ட்மன் என்ற பெயரே தெரியாது. தெரியாத மனிதனுக்கு ஏற்றாற்போல் எதையும் வளைத்திருக்க முடியாது. அந்தத் தேதிக்குப் பிறகோ, அமெரிக்கா முழுவதும் அவர் முகம் பத்திரிகையில் வந்துவிட்டது.

நடந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1927இல் அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்தபின் லிண்ட்பர்க் உலகத்திலேயே புகழ்பெற்ற மனிதர்களில் ஒருவர். நியூஜெர்சியில் ஹோப்வெல் அருகே ஒதுக்குப்புறமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வார இறுதிகளில் மட்டும் குடும்பம் அங்கே தங்கும். திங்கட்கிழமையே மனைவியின் தாய்வீடான எங்கிள்வுட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த வாரம் குழந்தைக்குச் சளி. அதனால் 1932 மார்ச் 1, செவ்வாய்க்கிழமையும் தங்கிவிட்டார்கள். இரவு ஒன்பது மணியளவில் மரப்பெட்டி முறிவதுபோன்ற சத்தம் லிண்ட்பர்க் காதில் விழுந்தது. பத்து மணிக்குச் செவிலி பெட்டி கவ் போய்ப் பார்த்தபோது தொட்டில் காலி. ஜன்னலோரத்தில் 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம். அதன் அடியில் ஒன்றோடொன்று கோத்த வட்டங்களும் மூன்று துளைகளும் கொண்ட முத்திரை. வெளியே கொஞ்ச தூரத்தில் ஒரு உளியும் மூன்று துண்டாக மாட்டிக்கொள்ளும்படி கையால் செய்த ஒரு மர ஏணியும் கிடந்தன. ஏணி முறிந்திருந்தது.

பிராங்க்ஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜான் காண்டன், எழுபது வயதைத் தாண்டியவர், நான் தூது போகிறேன் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். கடத்தியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு இடுகாட்டில் அவர் தன்னை ஜான் என்று சொல்லிக்கொண்ட ஒருவனைச் சந்தித்துப் பேசினார். ஏப்ரல் 2 இரவு செயின்ட் ரேமண்ட் இடுகாட்டில் அவனிடம் 50,000 டாலரைக் கொடுத்தார். லிண்ட்பர்க் காரில் காத்திருந்தார். படகில் குழந்தை இருக்கிறது என்று கிடைத்த சீட்டு பொய். மே 12 அன்று ஒரு லாரி ஓட்டுநர், வீட்டிலிருந்து நான்கைந்து மைல் தொலைவில் காட்டுக்குள் குழந்தையின் சடலத்தைக் கண்டார். மண்டையோடு உடைந்திருந்தது.

வழக்கு 1935 ஜனவரி 2 அன்று ஃப்ளெமிங்டன் என்ற சிற்றூரில் தொடங்கியது. ஊரில் திருவிழாக் கூட்டம். குட்டி ஏணிப் பொம்மைகளை நினைவுப் பொருளாக விற்றார்கள். ஹாப்ட்மனின் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் ரைலிக்குச் சம்பளம் கொடுத்தது ஹெர்ஸ்ட் பத்திரிகை நிறுவனம். கதையின் தனியுரிமை அந்தப் பத்திரிகைகளுக்கு. ரைலி குடிகாரர், கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசிய நேரம் மிகக் குறைவு. கண்டெடுத்த சடலம் லிண்ட்பர்க் குழந்தையுடையதுதான் என்று அவர் நீதிமன்றத்தில் தாமாகவே ஒப்புக்கொண்டபோது, உதவி வழக்கறிஞர் லாயிட் ஃபிஷர், ஹாப்ட்மனை மின்சார நாற்காலிக்கு அனுப்புகிறீர்கள் என்று கத்திவிட்டு வெளியேறினார். இப்படியொரு விசாரணையை நியாயமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விசாரணை கேவலமாக நடந்தது என்பதும் குற்றவாளி இல்லை என்பதும் ஒன்றல்ல. ஹாப்ட்மனுக்காக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கைதுக்குப் பின் பிறந்த சாட்சியங்களைப் பார்ப்போம். அமாண்டஸ் ஹாக்முத் என்ற 87 வயது முதியவர், கடத்தல் நாளன்று ஏணியோடு கூடிய காரில் ஹாப்ட்மனைப் பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொன்னார். அவர் கண்ணில் புரை. பின்னாளில் நியூஜெர்சி ஆளுநர் ஹரால்ட் ஹாஃப்மன் அவர் பார்வையைச் சோதித்தபோது பூச்சாடியைத் தொப்பி என்றாராம். மில்லர்ட் ஒயிட்டெட் என்ற இன்னொருவர் கடத்தல் நடந்தபோது போலீசிடம் யாரையும் பார்க்கவில்லை என்று சொன்னவர். இரண்டரை ஆண்டு கழித்து, சாட்சி சொல்லப் பணமும் வாங்கிக்கொண்டு, ஹாப்ட்மனை அந்த வட்டாரத்தில் பார்த்ததாகச் சொன்னார். இந்த இருவரையும் குப்பையில் போட்டுவிடலாம்.

காண்டனையும் ஏறக்குறைய அங்கேதான் போடவேண்டும். ஜானோடு அதிக நேரம் பேசியவர் அவர்தான். 1934 செப்டம்பர் 20இல் அடையாள அணிவகுப்பில் ஹாப்ட்மனைக் காட்டியபோது, இவர்தான் என்று சொல்ல மறுத்தார். நான்கு மாதம் கழித்துக் கூண்டில் ஏறி, ஜான் என்பவர் புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மனே என்று அழுத்தம் திருத்தமாக முழங்கினார். இடையில் அவர் நினைவாற்றல் பெருகியிருக்க வழியில்லை. அவரைச் சுற்றியிருந்த நெருக்கடிதான் பெருகியிருந்தது; அவரையே கூட்டாளி என்று சந்தேகித்தவர்கள் உண்டு.

லிண்ட்பர்க்கின் சாட்சியம் இதைவிட நுட்பமானது. அதனால்தான் இதைவிட ஆபத்தானது. இடுகாட்டு இருட்டிலிருந்து காண்டனைக் கூப்பிட்ட குரலை, அதுவும் ஓரிரு சொற்களை, காரில் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்து கேட்டவர் அவர். 1934 செப்டம்பரில் பிராங்க்ஸ் பெரு ஜூரி முன்பு, இந்தக் குரலை வைத்து ஒருவரை அடையாளம் காட்டுவது மிகக் கடினம் என்று அவரே சொல்லியிருந்தார். அடுத்து, மாறுவேடத்தில் அவரை ஒரு அறையில் உட்காரவைத்து, ஹாப்ட்மனை அதே சொற்களைத் திரும்பத் திரும்பக் கத்தவைத்தார்கள். அங்கே இருந்த ஒரே சந்தேக நபர் அவர்தான். ஜனவரியில் லிண்ட்பர்க் ஐயமே இல்லாமல், அது ஹாப்ட்மன் குரல் என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மகனை இழந்த தகப்பன், கொன்றவன் இவன்தான் என்று போலீஸ் காட்டியபிறகு கேட்ட குரல் அது. ஆனால் ஜூரியில் இருந்த எட்டு ஆண்களுக்கும் நான்கு பெண்களுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும். நாட்டின் நாயகனே சொல்கிறார், வேறென்ன வேண்டும்? இந்த வழக்கில் அதிக எடை பெற்றதும், எடையே இல்லாததும் அந்தச் சாட்சியம்தான்.

அடுத்த இரண்டும் நடுவில் நிற்பவை. ஹாப்ட்மன் வீட்டில், சாமான் வைக்கும் சிறு அறையின் மரச்சட்டத்தில் காண்டனின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பென்சிலால் எழுதியிருந்ததைச் செப்டம்பர் 24இல் போலீசார் கண்டார்கள். வீட்டைப் போலீஸ் தன் கையில் எடுத்துப் பல நாட்கள் ஆன பிறகு. ஒரு பத்திரிகை நிருபரே அதை எழுதிவிட்டுப் பீற்றிக்கொண்டார் என்று பிற்பாடு ஒரு பேச்சு பரவியது. ஹாப்ட்மன் வீட்டில் தொலைபேசி கிடையாது; தொலைபேசி இல்லாதவர், நுழைந்து நின்றால் ஒழிய வெளிச்சம் படாத மூலையில் ஏன் எண்ணைக் குறிக்கவேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி அரசு வழக்கறிஞர் கேட்டபோது, பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தேன், ஆர்வத்தில் எழுதியிருப்பேன் என்ற பொருளில் அவரே பதில் சொல்லியிருக்கிறார். பிறகு மறுத்தார். முதல் பதில் இல்லாவிட்டால் இந்தச் சாட்சியத்தைத் தயங்காமல் தள்ளிவிடுவேன். அது இருப்பதால் தயங்குகிறேன். அவ்வளவுதான், இதன்மேல் எதையும் கட்டமாட்டேன்.

கையெழுத்தில் இரண்டு அடுக்கு உண்டு. கைதான இரவு அவரைத் தூங்கவிடாமல் மணிக்கணக்கில் எழுதவைத்தார்கள். கடிதங்களில் உள்ள பிழைகளை அப்படியே எழுதச் சொன்னார்கள் என்பது அவர் புகார். போலீஸ் காவலில் அடிபட்டதையும் சொன்னார்; உடலில் கன்றிய காயங்கள் இருந்ததை மருத்துவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். எனவே அந்த இரவில் எழுதிய தாள்களை எடுத்து வெளியே வைத்துவிடுவோம். மிஞ்சுவது, கைதுக்கு முன் அவர் தானாக எழுதியவை: மோட்டார் வாகனப் பதிவு விண்ணப்பங்கள், கணக்கு நோட்டுகள். பணம் கேட்டு வந்த கடிதங்களில், படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து தவறாக, ஜெர்மன் உச்சரிப்பு ஆங்கிலத்தில் ஏறியதுபோல இருக்கும். ஹாப்ட்மனின் குறிப்பேட்டிலும் அதே சொல் அதே பிழையோடு இருந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் டேவிட் விலன்ட்ஸ் குறுக்கு விசாரணையில் அதை நீட்டியபோது ஹாப்ட்மன் தடுமாறினார். அரசுத் தரப்பில் ஆல்பர்ட் ஆஸ்பர்ன் முதலாக எட்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தத் தலைகளின் எண்ணிக்கை என்னை அசைக்கவில்லை. யார் கைதி, அவர் வீட்டில் என்ன கிடைத்தது என்று தெரிந்த பிறகு கையெழுத்தை ஒப்பிடுகிறவர், தெரியாமல் ஒப்பிடுகிறவரைப் போல ஒப்பிடமாட்டார். அந்தக் குறிப்பேட்டின் ஒற்றைப் பிழைக்கு நான் கொடுக்கும் மதிப்பு அதிகம். அதுவும்கூட, ஜெர்மனியிலிருந்து வந்த வேறு பலரும் செய்யக்கூடிய பிழைதான்.

இனிப் பணம்.

இடுகாட்டில் கொடுத்த நோட்டுகளின் வரிசை எண்களைக் குறித்துக்கொள்ளாமல் பணம் தரக்கூடாது என்று கருவூலத் துறை அதிகாரி எல்மர் ஐரி பிடிவாதம் பிடித்தார். லிண்ட்பர்க்குக்கு முதலில் அதில் விருப்பம் இல்லை. அந்தப் பிடிவாதம்தான் வழக்கைத் தீர்த்தது. பட்டியல் 1932இலேயே அச்சாகி வங்கிகளுக்குப் போய்விட்டது. ஹாப்ட்மனின் சட்டைப்பையில் இருந்த இருபது டாலர் நோட்டு பட்டியலில் இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, பணவீக்கத்துக்குப் பயந்து கொஞ்சம் தங்கச் சான்று நோட்டுகள் சேர்த்தேன், அவ்வளவுதான் என்றார். மறுநாள் அவர் கட்டிய கார் கொட்டகையின் சுவருக்குள் கட்டுக் கட்டாக நோட்டுகள் அகப்பட்டன. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 14,600 டாலர். அத்தனையும் பட்டியலில் உள்ள பணம். கொஞ்சம் ஒரு கட்டையில் துளை போட்டு உள்ளே சுருட்டி வைத்திருந்தது, துப்பாக்கியோடு.

அப்போதுதான் இசிடோர் ஃபிஷ் கதை வெளிவந்தது. ஃபிஷ் ரோமத்தோல் வியாபாரி, ஹாப்ட்மனின் பங்குச்சந்தைக் கூட்டாளி. 1933 டிசம்பரில் ஜெர்மனிக்குப் புறப்படும்போது ஒரு காலணிப் பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். 1934 மார்ச்சில் லைப்சிக்கில் காசநோயால் இறந்துவிட்டார். பல மாதம் கழித்து, மழைநீர் கசிந்து பெட்டி நனைந்தபோது திறந்து பார்த்தால் பணம். ஃபிஷ் எனக்குத் தரவேண்டிய கடன் இருந்ததால் எடுத்துச் செலவு செய்தேன். இதுதான் ஹாப்ட்மன் சொன்னது.

நம்ப முடியாத கதை என்று தள்ளிவிடமாட்டேன். ஃபிஷ் உண்மையான ஆள். அவரை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. திருட்டுப் பணத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி விற்கும் வேலை அன்றைய நியூயார்க்கில் நடக்காத ஒன்றல்ல. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு தேதி இருக்கிறது. பெட்டி கைக்கு வந்தது 1933 டிசம்பர். திறந்தது 1934 ஆகஸ்ட். அதற்கு முன் ஹாப்ட்மன் கையில் இந்தப் பணம் இருந்திருக்கக்கூடாது.

1933 நவம்பர் 26 இரவு, மன்ஹாட்டனில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்க ஒருவர் ஐந்து டாலர் நோட்டை எட்டாக மடித்தபடி தூக்கிப்போட்டார். டிக்கெட் கொடுத்த பெண்ணுக்கு அது எரிச்சலாக இருந்ததால் முகம் நினைவில் நின்றது. நோட்டு கடத்தல் பட்டியலில் இருந்தது என்று வங்கியில் தெரிந்ததும் போலீஸ்காரர் ஜேம்ஸ் ஃபின் அவரிடம் வந்து அங்க அடையாளங்களை எழுதிக்கொண்டார். அந்த வாக்குமூலம் 1933இல் எழுதியது. ஹாப்ட்மன் பெயர் அப்போது இல்லை. வழக்கில் அந்தப் பெண் ஹாப்ட்மனைச் சுட்டிக்காட்டினார். ஹாப்ட்மனோ, அன்று என் பிறந்தநாள், வீட்டில் விருந்தினரோடு இருந்தேன் என்றார். கூண்டில் நடந்த சுட்டிக்காட்டலுக்கு எடை குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வாறு எட்டாக மடித்த நோட்டுகள் ஒன்றல்ல இரண்டல்ல, பிராங்க்ஸிலும் மன்ஹாட்டனிலும் 1932 முதலே வந்துகொண்டிருந்தன. ஃபின் ஒரு வரைபடத்தில் ஊசி குத்திக்கொண்டே வந்தார்.

இதோடு கணக்கும் சேர்கிறது. பணம் கைமாறிய அந்த ஏப்ரலிலேயே ஹாப்ட்மன் நிலையான தச்சு வேலையை விட்டுவிட்டார். நாடு பொருளாதார வீழ்ச்சியில் தவித்தபோது பங்குச்சந்தையில் ஆயிரக்கணக்கில் புரட்டினார். விலையுயர்ந்த ரேடியோ வாங்கினார், மனைவி ஜெர்மனிக்குப் போய்வந்தார். கருவூலக் கணக்காளர் ஒருவர் அவருடைய வரவையும் செலவையும் எடுத்துவைத்து, விளக்கமில்லாத தொகை ஏறக்குறைய கடத்தல் பணத்தின் அளவுக்கு வருகிறது என்று காட்டினார். இந்தக் கணக்கில் இடைவெளி உண்டு என்று எதிர்த்தரப்பு சொன்னது. சொல்லட்டும், பாதியாகக் குறைத்தாலும் மிச்சம் ஃபிஷ் பெட்டிக்குள் அடங்காது. ஃபிஷ் இறந்தபின் ஹாப்ட்மன் அவருடைய குடும்பத்துக்குக் கணக்கு வழக்குகளைப் பற்றி எழுதிய கடிதத்தில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகப் பணம் சொல்வது இது: மீட்புப் பணம் ஹாப்ட்மன் கைக்கு வந்தது 1932இல், ஃபிஷ் கப்பலேறுவதற்கு வெகு முன்பு. பணம் பறித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் பணம் பறித்தவனும் குழந்தையை எடுத்தவனும் வேறு வேறாக இருக்கலாமே? அந்தக் கேள்விக்கு நோட்டுகளிடம் பதில் இல்லை. மரத்திடம் இருக்கிறது.

ஆர்தர் கோலர் விஸ்கான்சினில் மத்திய அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் மர நிபுணர். ஏணியைப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டார். நெடுங்கட்டைகளில் சிலவற்றில் இழைப்பு இயந்திரத்தின் கத்தி விட்ட தடங்களை அளந்தார். ஒரு கத்தி பழுதானது, அந்தப் பழுது குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. கிழக்குக் கரையில் உள்ள ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மர ஆலைகளுக்குக் கடிதம் எழுதி, தென் கரோலினாவில் மெக்கார்மிக் என்ற ஊரில் உள்ள டார்ன் ஆலையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து அந்தக் குறையோடு வெளியேறிய மரம் எந்தெந்தக் கடைக்குப் போனது என்று தேடித்தேடி, 1933 நவம்பர் இறுதியில் பிராங்க்ஸில் ஒரு மரவாடியில் வந்து நின்றார். ரொக்க வியாபாரம், வாங்கியவர் பெயர் கிடையாது. கோலர் ஊர் திரும்பினார். பத்து மாதம் கழித்துக் கைதான தச்சர் அதே மரவாடியில் மரம் வாங்கியவர், அங்கே வேலையும் பார்த்தவர்.

இந்தத் தேடலில் போலீஸ் சூழ்ச்சிக்கு இடமே இல்லை. ஆனாலும் அந்த மரவாடியில் மரம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆளைச் சுட்டுவது 16ஆம் எண் கட்டை. மற்ற நெடுங்கட்டைகளைப் போலப் புது மரம் அல்ல அது. அதில் நான்கு பழைய ஆணித்துளைகள். சதுர வாய்கொண்ட பழைய வெட்டாணி அடித்த துளைகள். துரு ஏறவில்லை என்பதால் இது மழை படாத உட்புறத்தில், ஒரு கொட்டகையிலோ பரணிலோ இருந்திருக்கவேண்டும் என்று கோலர் 1933இலேயே எழுதிவைத்தார்.

1934 செப்டம்பர் 26இல் போலீஸ்காரர் லூயிஸ் போர்ன்மன், ஹாப்ட்மன் குடியிருந்த வீட்டின் பரணில் தரைப்பலகை ஒன்று பாதியில் அறுபட்டு, ஏறக்குறைய எட்டடி நீளம் காணாமல் போயிருப்பதைக் கண்டார். 16ஆம் கட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான்கு துளைகளும் பரணின் குறுக்குச் சட்டங்களில் இருந்த நான்கு துளைகளின்மேல் உட்கார்ந்தன. இடைவெளி, சாய்வு, ஆழம் எல்லாம். மீந்த பலகையின் முனையில் ஓடிய ஆண்டு வளையங்கள், நடுவில் அறுபட்டுப்போன சிறு துண்டைத் தாண்டி, ஏணிக் கட்டையில் தொடர்ந்தன. கட்டையின் ஓரத்தைக் கையால் இழைத்தபோது விழுந்த கீறல்கள் ஹாப்ட்மனின் இழைப்புளி போடும் கீறல்களோடு ஒத்தன. நீதிமன்றத்திலேயே ஒரு கட்டையைப் பொருத்தி அந்த இழைப்புளியால் இழைத்து, தாளை வைத்துத் தேய்த்துக் காட்டினார் கோலர்.

இதற்கு வந்த எதிர்வாதங்கள் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. போர்ன்மன் கண்டது கைதுக்கு ஒரு வாரம் கழித்து. அதற்குள் பலர் அந்தப் பரணைச் சோதித்திருந்தார்கள், எவர் கண்ணிலும் படவில்லை. ஹாப்ட்மனின் வாதம் ஒரு தொழிலாளியின் வாதம்: மரவாடி பக்கத்திலேயே இருக்க, வீட்டுக்காரர் தரையைப் பெயர்த்து ஏணி செய்யும் தச்சன் எங்காவது உண்டா? வழக்கு முடிந்து, 1936இல் ஆளுநர் ஹாஃப்மன் ஒரு மர நிபுணரோடு பரண் ஏறி, ஆணிகளைத் துளைகளில் செருகிப் பார்த்தபோது அவை முழுக்க இறங்கவில்லை. துளையில் மரத்தூள் அடைத்திருந்தது என்று கோலர் தரப்பு விளக்கம் சொன்னது.

எல்லாவற்றிலும் கூர்மையான தாக்குதல் டாக்டர் எராஸ்டஸ் ஹட்சனிடமிருந்து வந்தது. 1932இல் ஏணியில் கைரேகை எடுத்தவர் அவர். 16ஆம் கட்டையில் அன்று நான் பார்த்தது ஒரே ஒரு ஆணித்துளை என்று கூண்டில் சொன்னார். உண்மையானால், மற்ற மூன்று துளைகளும் பிற்பாடு போலீஸ் போட்டவை. முழு வழக்கும் மோசடி. விலன்ட்ஸ் ஒரு புகைப்படத்தை நீட்டினார். குற்றம் நடந்து சில நாட்களில் ஏணியை எடுத்த படம். நான்கு துளைகளும் அதில் இருந்தன.

சாட்சியின் நினைவும் பழைய படமும் மோதும்போது எதை எடுப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1933இல் கோலர் எழுதிய அறிக்கையும் நான்கு துளைகளைச் சொல்கிறது. எனவே ஏணியைப் பின்னால் திருத்தவில்லை. மிஞ்சுவது ஒரே வழி: பரணைத் திருத்தியிருக்கவேண்டும். நான்கு துளைகளின் இடைவெளிக்கும் சாய்வுக்கும் ஏற்ப சட்டங்களில் துளை போட்டு, அதே வளைய அமைப்புள்ள பழைய பலகையை எங்கிருந்தோ தேடி எடுத்து, மற்றத் தரைப்பலகைகளோடு வித்தியாசம் தெரியாமல் பதித்து, முனையை அறுத்திருக்கவேண்டும். ஆணித்துளையைப் போலியாகப் போடலாம். மரம் வளர்ந்த ஆண்டுகளைப் போலியாகச் செய்வது எப்படி? 2005இல் வெளியான விரிவான ஆய்வொன்றும் பலகையையும் கட்டையையும் மறுபடி அளந்து கோலர் சொன்னது சரிதான் என்ற முடிவுக்கே வந்தது. ஏன் ஒரு தச்சன் பரண் பலகையை எடுத்தான் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஒரு கட்டை குறைந்திருக்கலாம், இரவாக இருந்திருக்கலாம். காரணம் தெரியாததால் பலகை பொருந்தாமல் போய்விடாது.

அளவுகோலை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்து அளப்பது நேர்மை அல்ல. கைதுக்கு முன் உறைந்த சாட்சியங்களில் ஹாப்ட்மனுக்குச் சாதகமானவையும் உள்ளன. ஹட்சன் ஏணியிலிருந்து எடுத்த ஏராளமான கைரேகைத் துணுக்குகளில் ஒன்றுகூட ஹாப்ட்மனுடையது அல்ல. கடிதங்களிலும் அவர் ரேகை இல்லை. ஜானின் கட்டைவிரல் அடியில் சதைத் திரட்சி இருந்தது என்று காண்டன் 1932இல் சொன்னார். ஹாப்ட்மன் கையில் அப்படிக் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. 1933 மே 1இல் ஜே. ஜே. ஃபாக்னர் என்று கையொப்பமிட்ட ஒருவர் நியூயார்க் மத்திய வங்கியில் 2,980 டாலர் கடத்தல் நோட்டுகளை மாற்றிக்கொண்டு போனார். அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எழுத்து ஹாப்ட்மனுடையதாக நிறுவப்படவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதும் திங்கட்கிழமை கிளம்பிவிடும் குடும்பம் அந்தச் செவ்வாய்க்கிழமை தங்கப்போகிறது என்பதும், அந்த அறை ஜன்னல் ஒன்றின் கதவு மட்டும் சரியாகச் சாத்தாது என்பதும் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? தற்செயல் என்று சொல்லலாம். எனக்கு அது திருப்தி தரவில்லை.

இந்தச் சாட்சியங்கள் ஹாப்ட்மன் இல்லை என்று சொல்லவில்லை. ஹாப்ட்மன் மட்டும்தான் என்ற அரசின் வாதத்தைத்தான் அரிக்கின்றன. அரசு அவரைத் தனி ஆளாகவே நிறுத்தியது. கூட்டாளி உண்டென்றால் ஏணியில் ஏறியது யார், குழந்தை யார் கையில் இறந்தது என்ற கேள்விகள் வரும். மரண தண்டனை ஆட்டம் காணும்.

அந்தத் தண்டனையின் அடித்தளமும் மெல்லியது. அன்றைய நியூஜெர்சிச் சட்டத்தில் குழந்தைக் கடத்தலுக்கு மரண தண்டனை இல்லை. இரவில் வீடு புகுந்து திருடும் குற்றத்தின் போது உயிர் போனால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொலையே என்ற விதியைப் பிடித்தார்கள். அதற்குத் திருட்டு வேண்டும். குழந்தை போட்டிருந்த உறக்க உடையைத் திருடினார் என்றார்கள்! விலன்ட்ஸ் தொடக்க உரையில் ஏணி முறிந்து குழந்தை விழுந்து இறந்தது என்றார். இறுதி உரையில், படுக்கையிலேயே உளியால் அடித்துக் கொன்றார் என்றார். இரண்டாவதற்கு ஒரு சாட்சியமும் கிடையாது. எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொல்லும் கட்டமும் தாண்டியிருந்தது. ஜூரி பதினொரு மணிநேரம் பேசி 1935 பிப்ரவரி 13 இரவு தீர்ப்பைச் சொன்னது. மேல்முறையீடு தோற்றது.

அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதை நிரபராதி என்பதற்குப் பெரிய ஆதாரமாகச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையாகக் குறைய வழி இருந்தது. வாக்குமூலம் கொடுத்தால் குடும்பத்துக்குப் பெருந்தொகை தருவதாக ஒரு பத்திரிகையும் சொன்னது. அவர் மறுத்தார். மனைவி அன்னா 1994இல் இறக்கும்வரை கணவர் நிரபராதி என்றே சொன்னார்; தொண்ணூறை நெருங்கும் வயதிலும் நியூஜெர்சி அரசுமேல் வழக்குப் போட்டார். இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் எடைத்தட்டில் வைக்கமாட்டேன். மகன் கொலைகாரன் பிள்ளை என்ற பெயரோடு வளரவேண்டாம் என்று நினைக்கும் மனிதனும் வாயைத் திறக்கமாட்டான். தான் செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மறுப்பவனும் திறக்கமாட்டான். வெளியிலிருந்து பார்க்க இரண்டு மௌனமும் ஒன்றுதான்.

ஆகவே என் கணக்கு இப்படி வருகிறது. கைதுக்குப் பின் பிறந்த அத்தனையையும் அழித்துவிட்ட பிறகும் வரிசை எண் பட்டியல், 1933 நவம்பர் நோட்டு, டார்ன் ஆலையிலிருந்து பிராங்க்ஸ் மரவாடிவரை வந்த தடம், 1932ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் உள்ள நான்கு துளைகள் ஆகியவை நிற்கின்றன. அவை ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறு கைகளில் உருவாகி, ஒரே வீட்டு வாசலில் வந்து சேர்கின்றன. ஏணியைச் செய்தது ஹாப்ட்மன். பணத்தில் பெரும்பங்கு அவருடையது. இதில் எனக்கு நியாயமான ஐயம் இல்லை. குழந்தையை அவர் கொல்ல நினைத்தார் என்பதற்கோ, அன்றிரவு அவர் தனியாகத்தான் வந்தார் என்பதற்கோ ஃப்ளெமிங்டன் நீதிமன்றத்தில் ஆதாரம் வைக்கப்படவில்லை. அவர் உயிரை எடுத்தது இந்த இரண்டாவது பகுதிதான்.

ஏணியும் 16ஆம் கட்டையும் நியூஜெர்சி மாநிலப் போலீசின் வெஸ்ட் டிரென்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடிதங்களும் உறைகளும்கூட அவர்கள் பாதுகாப்பில் உள்ளன. தபால்தலையின் பின்பக்க எச்சிலை மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் கேட்டுவருகிறார்கள். செய்யட்டும். வேறொருவர் எச்சில் அதில் இருந்தால் ஹாப்ட்மன் நிரபராதி ஆகிவிடமாட்டார். 1935இல் அரசு கேட்கவிடாமல் வைத்த இன்னொருவர் யார் என்ற கேள்விக்கு முதல் தடயம் கிடைக்கும்.